ஆமை ஜெயிக்காத பந்தயம்

பருத்திப் பேரினத்தின் ஒரு கிளையில் ஐந்து சிற்றினங்கள். ஒன்று மெக்சிகோவிலிருந்து உலகமெல்லாம் பரவி இன்று நம் வேட்டி, புடவை, பஞ்சுத்துணி எல்லாவற்றிலும் இருப்பது. ஒன்று தென் அமெரிக்காவின் நீள இழைப் பருத்தி. ஒன்று ஹவாயில், ஒன்று கலபகோஸ் தீவுகளில், ஒன்று பிரேசிலின் வறண்ட வடகிழக்கில். இவற்றில் எது எதற்கு நெருக்கம் என்று பார்ப்பதற்காக, இலையின் பசுங்கணிகத்தில் இருக்கும் டிஎன்ஏவிலிருந்து 7000 எழுத்துகளுக்கும் மேல் படித்தார்கள். கிடைத்த வேறுபாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே செடிகளின் உட்கருவிலிருந்து ஒரே ஒரு மரபணுவை, சுமார் 1600 எழுத்துகளை, எடுத்துப் பார்த்ததும் உறவுகள் கிளைகிளையாகப் பிரிந்து நின்றன. ரேண்டால் ஸ்மால், ஜொனதன் வெண்டல் முதலானோர் 1998இல் எழுதிய இந்தக் கட்டுரையின் தலைப்பு ஆமையையும் முயலையும் பற்றியது. பசுங்கணிகம் ஆமை, உட்கரு மரபணு முயல். பள்ளியில் படித்த கதைக்கு மாறாக இங்கே முயல் தூங்கவில்லை, ஓடி ஜெயித்துவிடுகிறது. கட்டுரை தெளிவானது, நேர்மையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போன அந்த 7000 எழுத்துகளின் பக்கமே மனம் சாய்கிறது. அவை பேசவில்லை என்று முடிவுகட்டியது யார்? ஐந்து செடிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன என்று அவை சொல்லத்தானே செய்தன. அதை நாம் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

நெருங்கிய செடிகளின் உறவை டிஎன்ஏவில் தேடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியிருப்பது, எந்தப் பகுதியைப் படிப்பது என்று தேர்ந்தெடுப்பது. முழுவதையும் படிக்க முடியாத காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. 1993இல் மார்க் சேஸும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களும் சேர்ந்து ஆர்பிசிஎல் என்ற ஒரே மரபணுவை வைத்து 499 விதைத் தாவரங்களை வரிசைப்படுத்தினார்கள். காற்றிலிருக்கும் கரியமிலவாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதியின் பெரிய துண்டுக்கான மரபணு அது. குடும்பங்களைப் பிரிக்க அது அருமையாக உதவியது. அல்லியும் மிளகும் எங்கே நிற்க வேண்டும் என்பதுபோன்ற பழைய வழக்குகளை அது மறுபடியும் விசாரணைக்கு எடுத்தது. ஆனால் ஒரே பேரினத்துக்குள் இறங்கியதும் வாயை மூடிக்கொள்ளும். உயிர் வாழ அத்தனை அவசியமான வேலையைச் செய்கிற மரபணுவில் எழுத்துகள் கண்டபடி மாறினால் செடி பிழைக்காது. ஆகவே அது மெல்ல மெல்லத்தான் மாறும். அதனால் பார்வை மரபணுக்களுக்கு நடுவில் கிடக்கும் இடைவெளிகளுக்குப் போனது. 1991இல் பியர் டேபர்லே குழுவினர், பெரும்பாலான தாவரங்களில் பயன்படக்கூடிய தொடக்கத் துணுக்குகளை வெளியிட்டார்கள். டிஆர்என்எல், டிஆர்என்எஃப் என்ற இரண்டு சின்ன மரபணுக்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தை எந்தச் செடியிலிருந்தும் பிரதியெடுக்க அவை வழி செய்தன. எந்தப் புரதத்துக்கும் குறிப்பு தராத இடம். அங்கே ஓர் எழுத்து மாறினாலும் கேட்பாரில்லை. ஆகவே மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். உறவின் தடயம் வேலை நடக்கும் இடத்தில் அழிந்து, வேலையில்லாத இடத்தில் தங்கியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு கிளர்ச்சி வரும். வந்த உடனே சந்தேகமும் வரும். கவிதை எழுதுகிறவனின் சபலம் இதில் கொஞ்சம் அதிகம். அந்த இடைவெளிகளும் அவ்வளவு சுதந்திரமானவை அல்ல. எழுத்துகள் மடிந்து ஒன்றோடொன்று ஒட்டி ஊசிபோல நிற்கும் இடங்கள் அங்கே உண்டு. ஒரு துண்டு அப்படியே தலைகீழாகத் திரும்பிக்கொள்வதும் உண்டு. ஒரே எழுத்து பத்துப் பன்னிரண்டு முறை வரிசையாக வரும் இடத்தில் பிரதியெடுக்கும் நொதியே தடுமாறி, எட்டோ பதினொன்றோ என்று கணக்கைத் தவறவிடும். இரண்டு செடிகள் ஒரே மாதிரி தடுமாறியிருந்தால் அது உறவா, தற்செயலா?

பசுங்கணிகம் ஏன் முதலில் வந்தது என்பதற்கான காரணம் எந்தத் தத்துவத்திலும் இல்லை. அது எளிது. ஒரு செல்லில் உட்கரு ஒன்று. பசுங்கணிக டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் இருக்கும். பருத்தி இலையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் கறுப்பு மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். காசிப்பால் என்ற நச்சுப்பொருளைத் தேக்கிவைத்திருக்கும் சுரப்பிகள் அவை. திரவ நைட்ரஜனில் இலையை உறையவைத்து அரைத்து, 65 டிகிரிச் சூட்டில் சிடேப் என்ற சோப்புக் கரைசலில் போட்டு, அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டும் மெர்காப்டோஎத்தனாலின் நெடியைச் சகித்துக்கொண்டு காத்திருந்தால், பல இலைகள் கண்ணாடிபோல் தெளிந்த கரைசலைத் தரும். பருத்தி இலை தேநீர் நிறத்தில் ஒரு குழம்பைத் தரும். செடி தன்னைத் தின்னவரும் புழுவுக்காக வைத்திருந்த பொருள்களெல்லாம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதைக் கழற்ற பருத்திக்கென்றே தனிச் செய்முறைகள் எழுத வேண்டியிருந்தது. இந்தச் சேற்றிலிருந்து எது சுலபமாகக் கிடைத்ததோ அதை வைத்துத்தான் உறவைப் பற்றிய நம் முதல் கருத்துகள் உருவாயின. தாவர உறவுகளின் வரலாற்றை யாராவது எழுதினால், எந்த மூலக்கூறு அதிகமாகக் கிடைத்தது என்பதற்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

இந்த ஐந்து பருத்திகளுக்கும் ஒரு பழைய வில்லங்கம் உண்டு. 1934இல் ஸ்கோவ்ஸ்டெட் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அமெரிக்கப் பயிர்ப் பருத்தியின் 26 ஜோடி குரோமோசோம்களில் 13 ஜோடி பெரிதாகவும் 13 ஜோடி சிறிதாகவும் இருந்தன. பெரியவை ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்திகளில் இருப்பவை. சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்திகளில் இருப்பவை. இரண்டு கண்டங்களின் செடிகள் எங்கோ ஒன்றுசேர்ந்து, இரண்டின் முழுத் தொகுதியையும் சுமக்கும் ஒரு புதுச் செடி பிறந்திருக்கிறது. 1940இல் பீஸ்லி, ஆசியப் பருத்தி ஒன்றையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றையும் கலந்து, கோல்ச்சிசின் கொடுத்து குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, அப்படிப்பட்ட செடியைத் தானே செய்து காட்டினார். ஆனால் இயற்கையில் இருவரும் சந்தித்தது எப்படி? நடுவில் ஒரு பெருங்கடல். இந்தூரில் பருத்தி ஆய்வு செய்த ஜோசப் ஹட்சின்சனும், சைலோவும், ஸ்டீபன்ஸும் 1947இல் எழுதிய புத்தகத்தில் மனிதர்கள்தான் ஆசியப் பருத்தியைக் கடல் கடந்து கொண்டுபோயிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அழகான ஊகம். கப்பல், விதை மூட்டை, கரையில் ஒரு தோட்டம் என்று ஒரு நாவலுக்கே இடமிருக்கிறது. அதே ஸ்டீபன்ஸ் பிறகு 1950களில் பருத்தி விதைகளை உப்புநீரில் ஊறவைத்து, எவ்வளவு காலம் முளைப்புத் திறன் தாங்குகிறது என்று பார்த்தார். மனிதர் தேவையில்லாமலே விதை கடலைக் கடக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது வழி செய்தது. டிஎன்ஏ வந்து, அந்தச் சந்திப்பு நடந்து ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னதும் கப்பல் கதை முடிந்தது. அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் காலடி வைக்காத காலம் அது.

1989இல் வெண்டல் காட்டியது இன்னும் விசித்திரம். இந்த அமெரிக்கப் பருத்திகள் அத்தனையின் பசுங்கணிகமும் பழைய உலகத்தைச் சேர்ந்தது. பருத்தியில் பசுங்கணிகம் தாயிடமிருந்தே வருகிறது. அப்படியென்றால் கடல் கடந்து வந்த செடிதான் சூல் தந்தது, உள்ளூர்க் காட்டுப் பருத்தி மகரந்தம் தந்தது. கோவில்பட்டிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணியும் அதே பெரிய குரோமோசோம்களின் வீட்டைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் நம் பக்கம் பயிரிட்ட உப்பம் பருத்தியும் அப்படித்தான். அமெரிக்கப் பருத்தியின் தாயை நேராகக் கருங்கண்ணி என்று சொல்லிவிட முடியாது. கருங்கண்ணிக்கும் உப்பத்துக்கும் அந்தத் தாய்க்கும் பொதுவான, இன்று இல்லாத ஒரு முன்னோடி இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பசுங்கணிகத்தை மட்டும் படித்திருந்தால், இந்த ஐந்து அமெரிக்கச் செடிகளையும் கூசாமல் ஆசிய, ஆப்பிரிக்கக் குடும்பத்தில் எழுதியிருப்போம். பெருவின் மலைச்சரிவில் இன்றும் அவற்றின் தந்தை வழிச் சொந்தம் ரெய்மாண்டி நின்றுகொண்டிருக்கிறது. பசுங்கணிகத்துக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

1995இல் வெண்டலும் கூட்டாளிகளும் வேறொரு பகுதியைப் படித்தார்கள். உட்கருவில் ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவில் இருக்கும் ஐடிஎஸ் என்ற இடைவெளி. நெருங்கிய செடிகளைப் பிரிக்க 1990களில் எல்லோரும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்ட பகுதி இது; அளவில் சிறியது, நூற்றுக்கணக்கான பிரதிகள் அடுத்தடுத்து இருப்பதால் எடுக்கவும் எளிது. ஆனால் அந்தப் பிரதிகள் தனித்தனியாகப் பிழைப்பதில்லை. காலப்போக்கில் ஒன்றை ஒன்று திருத்திக்கொண்டு எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்த இரண்டு வடிவங்கள் ஒரே செடிக்குள் இருந்தால், ஒன்று மற்றொன்றை மெல்ல மெல்ல எழுதி அழித்துவிடும். ஐந்து பருத்திகளில் நான்கில் தந்தையின், அதாவது அமெரிக்கக் காட்டுப் பருத்தியின், வடிவம் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஐந்தாவதான பிரேசிலின் முஸ்டெலினத்தில் நேர்மாறாக, தாயின் பழைய உலக வடிவம் மிஞ்சியிருந்தது. ஐந்தும் ஒரே சந்திப்பின் பிள்ளைகள். ஐடிஎஸ்ஸை மட்டும் நம்பி ஒருவர் உறவு மரம் வரைந்திருந்தால், நான்கு செடிகளைப் பெருவின் ரெய்மாண்டி பக்கத்திலும், முஸ்டெலினத்தைப் பாதி உலகம் தாண்டிக் கருங்கண்ணியின் பக்கத்திலும் வைத்திருப்பார். மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் உறுதிப்பாட்டுக்கான எண் பளிச்சென்று உயர்ந்து நின்றிருக்கும். கணினி தயங்கியிருக்காது. எனக்கு இதில் பயமூட்டுவது அந்தப் பளிச்சென்ற எண்தான். ஆமை தயங்கியது, முயலாவது சரியாகச் சொன்னது, மூன்றாவதாக வந்த இது தயங்காமல் தவறான இடத்தைக் காட்டியிருக்கும். அதுவும் பொய் சொல்லியிருக்காது. தனக்கு நடந்ததைச் சொல்லியிருக்கும்.

நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டியவருக்கும், அத்தை மகனைக் கட்டியவருக்கும் இது புதிதல்ல. கல்யாண வீட்டில் வந்து நிற்கும் ஒருவரை அப்பா வழியில் போனால் பங்காளி என்றும், அம்மா வழியில் போனால் மாமன் என்றும் கூப்பிட வேண்டியிருக்கும். எந்த முறை சரி என்று பெரியவர்கள் சண்டை போடுவதில்லை. எந்த வழியில் எண்ணுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு எண்ணுவார்கள். தாவரவியலில் எனக்கு உறுத்துவது, எண்ணிய வழியை முறைகளைச் சொல்லும் பத்தியில் சிறிய எழுத்தில் வைத்துவிட்டு, முறையை மட்டும் தலைப்பில் அச்சிடுவது. காலம் போகப்போகச் சிறிய எழுத்து உதிர்ந்துவிடும். பாடப்புத்தகத்தில் தலைப்பு மட்டும் நிற்கும்.

கரிசலில் ஒரு காலத்தில் கருங்கண்ணியும் கம்போடியாவும் அடுத்தடுத்த புஞ்சைகளில் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து வந்த விதை என்பதால் அந்தப் பெயர். உண்மையில் அது மெக்சிகோப் பருத்தி, ஹிர்சுட்டம். கருங்கண்ணியின் இலை விரல்விரலாக ஆழமாகப் பிளந்திருக்கும். கம்போடியாவின் இலை அகலமாக, மேலோட்டமாக மடல் விட்டிருக்கும். கருங்கண்ணிப் பூ மஞ்சள், இதழின் அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. கம்போடியாப் பூ காலையில் வெளிர்மஞ்சளாக விரிந்து மறுநாள் ரோஜா நிறத்தில் சுருங்கும். காயும் வேறு, பஞ்சின் நீளமும் வேறு. வரப்பில் நடக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லிவிடுவார். பசுங்கணிகத்தின் கணக்கில் இரண்டும் ஒரு தாய் வழி. இனப்பெருக்கத்தின் கணக்கில் இரண்டும் சேராது: கருங்கண்ணியின் 26 குரோமோசோம்களும் கம்போடியாவின் 52 குரோமோசோம்களும் கலந்தால் 39 உள்ள செடி கிடைக்கும், அது மலடு. கருங்கண்ணியின் வறட்சி தாங்கும் குணத்தையும் பூச்சிக்கு ஈடுகொடுக்கும் குணத்தையும் கம்போடியாவுக்குள் கொண்டுவர நினைத்த பயிர்ப்பெருக்குநர்கள் எல்லோரும் இந்த 39இல் முட்டிக்கொண்டவர்கள்தான். பீஸ்லியின் கோல்ச்சிசினை எடுத்துச் சுற்றுவழியில் போனவர்களும் உண்டு. இந்த இரண்டு செடிகளும் நெருக்கமா, தூரமா? மகரந்தம் தூவுகிறவருக்கு ஒரு பதில், பசுங்கணிகம் படிக்கிறவருக்கு ஒரு பதில், பறிக்கூலிக்கு வந்து முதுகு வளைத்துக் காய் பறித்தவருக்கு இன்னொரு பதில். மூன்றாவது பதிலை யாரும் வரிசைப்படுத்திப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் இரட்டிப்பான செடிகளின் குழப்பம் என்று ஒதுக்கலாமா என்று யோசித்ததுண்டு. முடியாது. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் பிக்கி என்ற பருத்தி இருக்கிறது. சாதாரணமானது, 26 குரோமோசோம்கள் மட்டுமே. உட்கருவைப் படித்தால் அது ஆஸ்ட்ராலே, நெல்சோனி என்ற இரண்டு பருத்திகளின் உடன்பிறப்பு. பசுங்கணிகத்தைப் படித்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஸ்டர்ட்டியானத்தின் பிள்ளை. ஸ்டர்ட்டியானம் அங்கே வட ஆட்புலத்தின் அரசுப் பூ. ஊதா நிறத்தில் இருக்கும். 1991இல் வெண்டலும் வேறு இருவரும் எழுதிய விளக்கம் இது: என்றோ ஒரு ஸ்டர்ட்டியானம் தாயாக இருந்து ஒரு கலப்பினம் உண்டானது, அதன் மகள்கள் தலைமுறை தலைமுறையாகத் தந்தை வழிச் செடிகளோடே சேர்ந்தன, கடைசியில் தாயின் உட்கருவில் இருந்ததெல்லாம் கரைந்துபோய், பசுங்கணிகம் மட்டும் தங்கிவிட்டது. இலையில், பூவில், காயில் தாயின் சாயல் ஒரு துளியும் இல்லை. மெக்சிகோவில் ஓஹாக்காவில் மட்டும் வளரும் காஸிபியாய்டஸ் இதற்கு எதிர்த் திசையில் ஆச்சரியமூட்டுவது. அமெரிக்கக் காட்டுப் பருத்திகளில் ஒன்றான அதன் ஐடிஎஸ்ஸில் பழைய உலகப் பருத்தியின் வாசனை அடிக்கிறது. இரண்டு குரோமோசோம் தொகுதிகளையும் தாங்கும் செடி அது அல்ல. என்றோ யாரோ வந்துபோன தடம். இப்படியான தடங்களைப் படிக்கும்போது மரம் என்ற உருவமே கொஞ்சம் கூசுகிறது. மரத்தின் கிளைகள் பிரிந்த பிறகு மறுபடி ஒட்டுவதில்லை. செடிகளோ அப்படியெல்லாம் கட்டுப்பட்டவை அல்ல.

மறுபடியும் ஆமையிடம் வருகிறேன். அது பேசாததற்குக் காரணம் மெதுவாக நடப்பது மட்டும்தானா என்பதுதான் என் நெடுநாள் ஐயம். 2002இல் ரிச்சர்ட் கிரான், ஸ்மால், வெண்டல் முதலானோர் உட்கருவிலும் பசுங்கணிகத்திலும் மொத்தம் 16 மரபணுக்களை எடுத்து, பருத்திப் பேரினம் முழுவதையும் வரிசைப்படுத்தினார்கள். எழுத்துகளுக்குக் குறைவில்லை. இருந்தும் பெருங்குழுக்களைப் பிரிக்கும் நடுக் கிளைகள் மிகக் குட்டையாக வந்தன. அந்தப் பேரினம் தோன்றிய சிறிது காலத்திலேயே எல்லாக் கிளைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்துப் பிரிந்தன என்று அவர்கள் அதைப் படித்தார்கள். சீப்பின் பற்கள்போல ஒரே தண்டிலிருந்து கிளம்பும் கிளைகளைப் பார்த்தால் வழக்கமாக எழுதப்படுவது, இன்னும் தரவு வேண்டும் என்பது. இவர்கள் அந்தச் சீப்பையே சேதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். பொதுவாகப் போட்டி வேறு திசையில் நடக்கிறது. 2005இல் ஜோயி ஷா குழுவினர் பசுங்கணிகத்தின் 21 இடைவெளிப் பகுதிகளை ஒப்பிட்டு எது அதிகம் மாறுகிறது என்று வரிசை போட்டார்கள். 2007இல் இன்னும் வேகமான பகுதிகளைத் தேடி மறுபடி வந்தார்கள். இரண்டு கட்டுரைகளும் பருத்திக் கட்டுரையின் ஆமை முயல் தலைப்பைத் தொடர்ந்து எண் போட்டுக்கொண்டவை. நானும் அந்தப் பட்டியல்களைப் பார்த்துப் பயன்பெற்றவன்தான். அவற்றின் உழைப்பு பெரிது. ஆனால் மாறுவதை மட்டுமே தேடித் தேடித் தேர்ந்தெடுத்தால், உறவின் வேகத்தைப் பற்றி நமக்கு எப்போதும் ஒரு சாய்ந்த எண்ணமே இருக்கும். அடிக்கடி சண்டை போடுகிறவர்களிடம் மட்டும் விசாரித்து ஊரின் குணத்தை எழுதிவிடுவதைப் போன்ற தவறு இது.

2009இல் தாவரங்களுக்குப் பொதுவான அடையாளக் குறியாக இரண்டு பசுங்கணிக மரபணுக்களைப் பரிந்துரைத்த பன்னாட்டுக் குழு, சோதித்த சிற்றினங்களில் 72 சதவீதத்தை அவற்றால் பிரிக்க முடிகிறது என்று அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் மீதி 28ஐப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இன்னொரு பகுதியைச் சேர்க்கலாமா, ஐடிஎஸ்ஸையும் சேர்க்கலாமா என்று. எனக்கு அந்த 28 சதவீதம்தான் அக்கறைக்குரியதாகத் தோன்றியது. ஐரோப்பிய ஓக் மரங்கள் அங்கேதான் இருக்கும். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இரண்டு வகை ஓக்குகள் ஒரே காட்டில் நிற்கும். இலைக்காம்பும் கொட்டைக்காம்பும் வேறுவேறு, காட்டுக்காரருக்குக் குழப்பமே இல்லை. ஆனால் பசுங்கணிகம் படித்தால் ஒரே காட்டில் நிற்கும் இரண்டும் ஒன்றாகவும், தூரக் காடுகளில் நிற்கும் ஒரே வகை வேறுவேறாகவும் வரும். அடையாளக் குறிக்கு இது தோல்வி. அதே பசுங்கணிகத்தை வைத்துத்தான் ரெமி பெத்தியும் மற்றவர்களும் 2002இல், பனியுகம் முடிந்ததும் ஓக்குகள் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் தஞ்சங்களிலிருந்து எந்தெந்த வழியில் வடக்கே ஏறின என்று வரைபடம் போட்டார்கள். விதை போன வழியை அது பத்திரமாக வைத்திருந்தது. சிற்றினத்தின் பெயரை அதனிடம் கேட்டதுதான் பொருந்தாத கேள்வி.

பசிபிக்கில் வேக் என்று ஒரு பவளத்தீவு. ராணுவ விமானத்தளம் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே வளர்ந்த பருத்தியை நெடுங்காலம் ஹிர்சுட்டம் என்றே எண்ணியிருந்தார்கள், பார்வைக்கும் அப்படித்தான். எழுத்துகளைப் படித்த பிறகு 2017இல் அதைத் தனிச் சிற்றினமாக விவரித்து, உப்புநீரில் விதை ஊறவைத்தாரே, அந்த ஸ்டீபன்ஸின் பெயரைச் சூட்டினார்கள். கடலால் வந்த செடிக்கு அவர் பெயர் பொருத்தம்தான். டொமினிக்கன் குடியரசிலிருந்தும் ஒரு பருத்தி இதேபோல் ஹிர்சுட்டத்திடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஐந்து என்று நான் தொடங்கியது இப்போது ஏழு. இந்த இடத்தில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. முயல்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. என் புகாரெல்லாம், முயல் ஓடாத இடத்தில் தரையே இல்லை என்று நினைத்துக்கொள்வதைப் பற்றித்தான்.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை முடிந்துபோயிற்று என்று சொல்வோர் இப்போது பெருகிவிட்டார்கள். ரெய்மாண்டியின் முழுத் தொகுதி 2012இல் வந்தது, கருங்கண்ணியின் இனமான ஆர்போரியத்தினுடையது 2014இல், ஹிர்சுட்டத்தினுடையது 2015இல்; ஐந்து இரட்டிப்புப் பருத்திகளும் சேர்ந்து 2020இல். எல்லாவற்றையும் படிக்கலாம் என்றால் எதைப் படிப்பது என்ற கேள்வி எதற்கு? ஆனால் முழுத் தொகுதியைப் படித்ததும் ஒரு மரம் கிடைப்பதில்லை. மரபணுவுக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான மரங்கள் கிடைக்கின்றன. மூதாதையிடம் ஏற்கெனவே இரண்டு வடிவங்கள் இருந்து, அவற்றில் எது எந்தப் பிள்ளைக்குப் போயிற்று என்பது சீட்டுக் குலுக்கியதுபோல் நடந்திருந்தால், கலப்பே இல்லாமலும் இரண்டு மரபணுக்கள் இரண்டு விதமாகச் சொல்லும். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே மரமாக்கப் பல நிரல்கள் இருக்கின்றன. எவ்வளவு நுணுக்கமானவையாக இருந்தாலும் அவற்றின் அடியில் ஏதோ ஒரு வகையான பெரும்பான்மைக் கணக்கு ஓடுகிறது. பெரும்பான்மை சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பிக்கியை வைத்து ஓட்டிப் பார்த்தால் அது ஆஸ்ட்ராலே, நெல்சோனி பக்கத்தில் போய் அமர்ந்துவிடும். பசுங்கணிகம் ஒத்துவராதவை என்ற பட்டியலில் சேரும். ஸ்டர்ட்டியானம் தாயாக இருந்தது அந்த ஒற்றை வாக்குக்கு மட்டுமே தெரியும். ஒத்துவராதவற்றின் பட்டியல் கட்டுரையோடு அச்சாவதில்லை. கூடுதல் கோப்பு என்ற பெயரில் தனியே கிடக்கும், திறக்க நேரமாகும், நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். கட்டுரையைப் படிப்பதற்கு முன் இப்போதெல்லாம் அதைத்தான் இறக்கிக்கொள்கிறேன்.